ஏழாம் இடத்துக்குக் கீழே

அக்டோபர் 8, 2025, புதன் – பெர்லின், கோபெனிக்

இந்த வாரம் தேசிய அணிகள் ஆடும் வாரம். ஜெர்மனியின் முதல் டிவிஷன் கால்பந்து லீகான புந்தஸ்லீகாவுக்கு லீவு. அதனால்தான் இப்போது கிளம்பினேன். ஆட்டம் இல்லாத நாளில்தான் ஸ்டேடியத்தைச் சுற்றி இருப்பவர்கள் நின்று பேசுவார்கள். ஆட்ட நாளில் யாருக்கு நேரம்?

பார்க்கப்போவது 1999-2000 சீசனின் ஊர்களை. அப்போது ஜெர்மனியின் மூன்றாம் டிவிஷனுக்கு ரெகியோனால்லீகா என்று பெயர். 1994இல் தொடங்கியபோது நாட்டை நான்கு வட்டாரமாகப் பிரித்திருந்தார்கள். அதில் வடகிழக்கு வட்டாரம் கிட்டத்தட்டப் பழைய கிழக்கு ஜெர்மனியும் பெர்லினும்தான். 2000இல் நான்கு வட்டாரங்களை இரண்டாகச் சுருக்குவது என்று முடிவானது. வடகிழக்கில் முதல் ஏழு இடத்துக்குள் வருகிறவர்கள் மூன்றாம் டிவிஷனில் தங்கலாம். எட்டாவதாக வந்தால்கூட நான்காவதுக்கு இறங்க வேண்டியதுதான். பாதிக்கு மேற்பட்ட அணிகள் வெளியே போகப்போகின்றன என்று தெரிந்தே சீசன் முழுக்க ஆடினார்கள்.

பெர்லின் ஆபீஸில் எனக்கு எதிர் சீட்டுக்காரர் யூனியன் பெர்லின் ரசிகர். கேன்டீனில் ஒருநாள் அந்தச் சீசனின் இறுதிப் பட்டியலை ஒரு டிஷ்யூ பேப்பரில் எழுதி, ஏழாவது பெயருக்குக் கீழே அழுத்தமாக ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு மேலே யூனியன், டிரெஸ்ட்னர் எஸ்.சி., ஸாக்சன் லைப்சிக், அவுவே, யேனா, பாபெல்ஸ்பெர்க், எர்ஃபுர்ட். கோட்டுக்கு அடுத்த வரியில் டைனமோ டிரெஸ்டன். கிழக்கு ஜெர்மனியில் எட்டு முறை சாம்பியன் ஆன அணி அது, 1995 வரை புந்தஸ்லீகாவில் இருந்தது. "இந்த ஊர்களுக்கெல்லாம் போய்ப் பார். பெர்லினில் உட்கார்ந்து ஜெர்மனியைப் பார்த்துவிட்டதாக நினைக்காதே" என்றார். சரி என்று மாதச் சீட்டு வாங்கினேன். 58 யூரோ, நம்மூர்க் கணக்கில் சுமார் ஆறாயிரம் ரூபாய். நாடு முழுக்க மெதுவாகப் போகும் ரயில், ட்ராம், பஸ் எல்லாவற்றுக்கும் செல்லும்.

கோபெனிக் ஸ்டேஷனில் இறங்கி மரங்களுக்கு நடுவே நடந்தால் யூனியனின் ஸ்டேடியம். வழியெல்லாம் மஞ்சள் இலை, ஈரம், சறுக்கல். வாசலில் பெரிய சிவப்பு ஹெல்மெட் ஒன்று நினைவுச்சின்னமாக நிற்கிறது. 2008இல் இந்த இடத்தைப் புதுப்பிக்கக் காசில்லாதபோது ரசிகர்களே வந்து கட்டினார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், சுமார் 1,40,000 மணி நேரம், கூலி இல்லாமல். அதற்கும் முன்னால் 2004இல் லீகில் ஆடுவதற்கான லைசென்ஸுக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தபோது ரத்ததானம் செய்து அதில் கிடைத்த தொகையைக் கிளப்புக்குக் கொடுத்தவர்களும் உண்டு.

பக்கத்தில் ஒரு மதுக்கடையில் கரிவுர்ஸ்ட் சாப்பிட்டேன். துண்டு போட்ட சாசேஜ், மேலே தக்காளி சாஸும் கறி மசாலாத் தூளும். மசாலா என்று பெயருக்கு. பக்கத்து ஸ்டூல் பெரியவர் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "எந்த கிளப்?" எந்த நாடு என்று கேட்பார் என நினைத்து வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டேன். ஒன்றும் இல்லை என்றதும் இவனை நம்பலாமா என்பதுபோல ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் அவரே ஆரம்பித்தார். அந்த 2000 சீசனில் யூனியன்தான் வடகிழக்கில் முதலிடம். ஆனால் முதலிடம் வந்தாலும் நேரடியாக இரண்டாம் டிவிஷனுக்குப் போக முடியாது, ப்ளே-ஆஃப் என்று இன்னொரு சுற்று ஆடி ஜெயிக்க வேண்டும். அதில் ஓஸ்னாப்ரூக் அணியிடம் பெனால்டி ஷூட்-அவுட்டில் தோல்வி. அடுத்த வருஷம் மறுபடி முதலிடம், இந்தமுறை நேரடியாக மேலே. அதே 2001 மே மாதம், மூன்றாம் டிவிஷன் அணியாகவே ஜெர்மன் கோப்பை இறுதிப்போட்டி வரை போய் ஷால்க்கேயிடம் 0-2 தோற்றார்கள். 2023இல் இதே அணி ரியல் மாட்ரிட்டோடு சாம்பியன்ஸ் லீக்கில் ஆடியது. அதைப் பற்றிக் கேட்டால் தோளைக் குலுக்குகிறார். ஓஸ்னாப்ரூக் என்றால் மட்டும் முகம் சிவக்கிறது.

அக்டோபர் 9, வியாழன் – போட்ஸ்டாம், பாபெல்ஸ்பெர்க்

காலையிலிருந்து தூறல். குடை ஸ்டேஷன் வாசலிலேயே காற்றில் திரும்பி உடைந்தது. கடையில் புதுக்குடை 15 யூரோ. நனைவது என்று முடிவுசெய்தேன்.

பாபெல்ஸ்பெர்க்கின் கார்ல் லீப்க்னெக்ட் ஸ்டேடியத்தைச் செல்லமாகக் கார்லி என்கிறார்கள். வீடுகளுக்கு நடுவே இருக்கிறது. யாரோ ஒருவர் வீட்டு மாடியில் துணி காயப்போட்டால் கார்னர் கிக் அடிப்பவருக்குத் தெரியும். இதன் விளக்குக் கம்பங்கள்தான் வேடிக்கை. பக்கத்திலேயே யுனெஸ்கோ பட்டியலில் உள்ள அரண்மனைப் பூங்கா இருப்பதால், நெடுநெடுவென்று கம்பம் நின்றால் பார்வையை மறைக்கும். ஆகவே கம்பங்களை மடக்கிச் சாய்த்து வைக்கும்படி செய்திருக்கிறார்கள். ஆட்டம் என்றால் நிமிர்த்துவது, முடிந்தால் சாய்ப்பது. 2001இல் இந்தச் சின்ன கிளப் இரண்டாம் டிவிஷனுக்குப் போய் ஒரே வருஷத்தில் கீழே வந்தது. இப்போது நான்காவது.

சுவரெங்கும் நாஜி எதிர்ப்பு ஸ்டிக்கர்கள். 2014இல் அகதிகளுக்கென்றே ஒரு அணி தொடங்கிய கிளப் இது. புல் வெட்டிக்கொண்டிருந்த ஆள் வண்டியை நிறுத்திவிட்டு, நனைந்துகொண்டிருந்த என்னைக் கொட்டகைக்குள் கூப்பிட்டு பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றினார். பெப்பர்மின்ட் டீ, சர்க்கரை கிடையாது. மனசுக்காகக் குடித்தேன்.

சாயங்காலம் விட்டன்பெர்க் வழியாக லைப்சிக். எழுத ஒன்றும் இல்லை.

அக்டோபர் 10, வெள்ளி – லைப்சிக், புரோப்ஸ்டைடா

லைப்சிக்கில் இரண்டு பழைய கிளப்புகள். தெற்கே லோக், மேற்கே கெமி. இரண்டுக்கும் ஆகாது. நடுவில் பணக்காரப் புது கிளப் ஒன்று. 2009இல் ஒரு புறநகர் அணியின் இடத்தை வாங்கி வந்த ஆர்.பி. லைப்சிக். அதைப் பிடிக்காது என்பதில் மட்டும் பழையவை இரண்டும் ஒரே கட்சி.

15ஆம் நம்பர் ட்ராமில் புரோப்ஸ்டைடா. நெப்போலியனைத் தோற்கடித்த போரின் ராட்சத நினைவுச்சின்னத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். ட்ராமில் ஏறிய பள்ளிக்கூடப் பையன் ஒருவன் என்னைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தான், கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். எதிரில் இருந்த பாட்டி ஒரே ஒரு வார்த்தை அதட்டினார். அடுத்த ஸ்டாப்பில் பையன்கள் இறங்கிப்போனார்கள். பாட்டி என்னிடம் எதுவும் சொல்லவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வருத்தம் தெரிவித்து என்னைச் சங்கடப்படுத்தாமல் விட்டது பெரிய நாகரிகம் என்று தோன்றியது.

புரூனோ பிளாக்கே ஸ்டேடியத்தின் மரக்கேலரி ரொம்பப் பழசு. இந்தக் காலத்தில் மரத்தாலான கேலரி எங்கே பார்க்கக் கிடைக்கிறது? பெயிண்ட் உரிந்த தூண்களில் கைவைத்தால் தோல் மாதிரி மழமழவென்று இருக்கிறது. இத்தனை வருஷமாக ஆட்கள் பிடித்துப் பிடித்துத் தேய்ந்தது. மஞ்சளும் நீலமும் மாறிமாறி அடித்திருக்கிறார்கள். பெஞ்சுப் பலகையில் ஆணித்தலைகள் மட்டும் புதுசு.

டிக்கெட் கவுண்டர் பக்கம் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்த மூன்று பேரும் பென்ஷன்காரர்கள். சம்பளம் இல்லை, வாரத்தில் இரண்டு நாள் வருகிறார்களாம். இந்த கிளப்பின் கதையை ஆளுக்கொரு வாக்கியமாகச் சொன்னார்கள். 1903இல் ஜெர்மனியின் முதல் சாம்பியன் வி.எஃப்.பி. லைப்சிக். கம்யூனிஸ்ட் காலத்தில் லோகோமோட்டிவ். 1987இல் ஏதென்ஸில் ஐரோப்பியக் கோப்பை வெற்றியாளர் கோப்பையின் இறுதிப்போட்டி, அயாக்ஸிடம் 0-1. சுவர் இடிந்த பிறகு பழைய பெயருக்குத் திரும்பி 1993-94இல் ஒரே ஒரு சீசன் புந்தஸ்லீகா. அப்புறம் சரிவு. 2000 சீசனில் கோட்டுக்கு மேலே வர முடியவில்லை. 2004இல் திவாலாகிக் கதை முடிந்தது. ரசிகர்கள் லோக் என்ற பெயரிலேயே புதிதாக ஆரம்பித்தார்கள், பதினோராம் டிவிஷனிலிருந்து! அந்த வருஷம் ஒரு கிராமத்து கிளப்பின் இரண்டாம் அணியோடு நடந்த ஆட்டத்தைப் பெரிய ஸ்டேடியத்தில் வைத்தார்கள். வந்தவர்கள் 12,421 பேர்.

2020 கொரோனா ஊரடங்கில் கிளப் காசில்லாமல் தவித்தபோது, கண்ணுக்குத் தெரியாத எதிரணியோடு ஒரு ஆட்டம் என்று அறிவித்து டிக்கெட் ஒரு யூரோவுக்கு விற்றார்கள். 1,80,000க்கும் மேல் விற்றது. "அன்று கேலரியில் யாருமே இல்லை, எங்கள் வரலாற்றிலேயே பெரிய கூட்டம்" என்று பிரஷ்ஷை ஆட்டிச் சொன்னார் ஒருவர். மூவரும் இந்த வசனத்தை நிறையப் பேரிடம் சொல்லியிருப்பார்கள் போல, ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.

சிரிப்பு நின்ற இடம் ப்ளே-ஆஃப். 2008இல் மூன்றாம் டிவிஷனை நாடு முழுமைக்கும் ஒன்றாக்கியபோது ரெகியோனால்லீகா நான்காம் படிக்கு இறங்கியது. 2012 முதல் அது ஐந்து வட்டாரம். இப்போது ஐந்து சாம்பியன், மேலே போக நான்கே இடம். 2020இல் லோக் வடகிழக்கின் சாம்பியன். ப்ளே-ஆஃபில் ஃபெர்ல் அணியோடு 2-2, 1-1. ஒரு ஆட்டத்திலும் தோற்கவில்லை, சமநிலையானால் வெளியூரில் அதிக கோல் அடித்த அணிக்கே வெற்றி என்ற கணக்கில் போச்சு. 2025இல் மறுபடி சாம்பியன். ஹாவெல்ஸே அணியோடு முதல் ஆட்டம் 1-1. இங்கே லைப்சிக்கில் நடந்த இரண்டாவதில் கூடுதல் நேரத்தில் 0-3. "முப்பத்துச் சொச்சம் ஆட்டம் ஆடி முதலில் வந்தவனை இன்னொரு பரீட்சை எழுதச் சொன்னால் அதற்குப் பெயர் சாம்பியனா?" இதைச் சொன்னவர் அதுவரை வாயே திறக்காதவர்.

யோசித்துப் பார்த்தால் 2000இல் யூனியன்காரரின் கோபமும் இதேதான். வாய்க்கால் தண்ணீர் முறையை மேலே உட்கார்ந்தவர்கள் மாற்றி எழுதிக்கொண்டே இருக்கிறார்கள், கடைமடைக்காரன் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ராத்திரி அவர்கள் சொன்ன மதுக்கடைக்குப் போனேன். டிவியில் ஜெர்மனி – லக்ஸம்பர்க், உலகக்கோப்பைத் தகுதிச்சுற்று. பன்னிரண்டாவது நிமிஷம் ஃப்ரீகிக்கில் கோல், அடித்தவர் ஆர்.பி. லைப்சிக்கின் டாவிட் ரவும். கடையில் ஒரு கை தட்டவில்லை. அடுத்து கிம்மிக் பெனால்டி அடித்தபோது நாலு பேர் தட்டினார்கள். ஜெர்மனி 4-0. பெரிய பீர் நாலரை யூரோ, கூட உருளைக்கிழங்கு சாலட். கார்டு வாங்க மாட்டார்களாம். பாக்கெட்டில் இருந்ததோ மூன்று யூரோ சில்லறை. ஏ.டி.எம். எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே சுண்ணாம்புப் பெரியவரில் ஒருவர் என் பீர்க் கணக்கு அட்டையையும் எடுத்துக்கொண்டுபோய்க் கட்டிவிட்டார். இங்கே ஒவ்வொரு பீருக்கும் அட்டையில் ஒரு கோடு கிழிப்பார்கள், கடைசியில் கோட்டை எண்ணிக் காசு. திருப்பித் தருகிறேன் என்றதற்கு, "அடுத்த ப்ளே-ஆஃபுக்கு வா, அப்போது பார்க்கலாம்" என்றார்.

அக்டோபர் 11, சனி – லைப்சிக், லாய்ட்ஷ், பிறகு டிரெஸ்டன்

காலையில் எதிர்க்கட்சி. 7ஆம் நம்பர் ட்ராமில் மேற்கே போய் லாய்ட்ஷ். இங்கே எல்லாம் பச்சை, வெள்ளை. ஆல்ஃபிரெட் குன்ஸே என்ற கோச்சின் பெயரில் ஸ்டேடியம். காட்டோரம், புல் முளைத்த படிக்கட்டு கேலரி.

1963இல் அதிகாரிகள் லைப்சிக்கின் நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் ஒரே அணியில் சேர்த்தார்கள். மிச்சம் விழுந்தவர்களைக் கெமிக்குத் தள்ளினார்கள். மறுவருஷம் 1964இல் கிழக்கு ஜெர்மனியின் சாம்பியன் அந்த மிச்சம்தான். அறுபது வருஷம் ஆகிறது, பேக்கரிப் பெண்மணிகூட நேற்று நடந்ததுபோலச் சொல்கிறார்.

சுவர் இடிந்த பிறகு இங்கே ஆடியது ஸாக்சன் லைப்சிக். 2000இல் கோட்டுக்கு மேலே தங்கியது, ஆனால் மறுவருஷமே லைசென்ஸ் போய் இறங்கியது. 2011இல் கலைத்தே விட்டார்கள். அதற்குள் ரசிகர்களில் ஒரு பகுதியினர் கெமி என்ற பழைய பெயரில் அடிமட்டத்திலிருந்து ஆரம்பித்திருந்தார்கள். இன்று நான்காம் டிவிஷன் வரை வந்திருப்பது அந்த அணி.

ஸாக்சன் லைப்சிக்கில் ஒக்குங்புரே என்றொரு நைஜீரிய ஆட்டக்காரர் இருந்தார். 2006 மார்ச்சில் ஹாலே ஊரில் ஆட்டம் முடிந்து வெளியேறும்போது எதிரணி ரசிகர்கள் அவர்மேல் துப்பினார்கள், குரங்குச் சத்தம் போட்டார்கள். பதிலுக்கு அவர் இரண்டு விரலை மூக்குக்குக் கீழே வைத்து, மற்ற கையை ஹிட்லர் பாணியில் நீட்டிக் காட்டினார். நீங்கள் யார் என்று எனக்குத் தெரியும் என்பதுபோல. அந்தச் சைகை ஜெர்மனியில் குற்றம் என்பதால் வழக்கு முதலில் அவர்மேலேயே பாய்ந்தது! பிறகு கைவிட்டார்கள். மூன்றாம் டிவிஷன், நான்காம் டிவிஷன் என்று ஏக்கமாகப் பேசும்போது இதுவும் சேர்ந்ததுதான் அந்தக் காலம். ஒக்குங்புரே பற்றி நான் கேட்டதும் கேட் பக்கத்தில் ஸ்கார்ஃப் விற்ற இளைஞர் ஒன்றும் சொல்லாமல் அவர் பின்னால் இருந்த சுவரைக் காட்டினார். இனவாதிகளுக்கு இங்கே இடமில்லை என்று பெரிய எழுத்தில் இருந்தது. ஸ்கார்ஃப் 18 யூரோ. வாங்கவில்லை. நாளைக்கு எந்த ஊரில் எதைப் போட்டுக்கொண்டு இறங்குவது என்ற பயம்தான்.

மதியம் ரயிலில் டிரெஸ்டன். டைனமோவின் புது ஸ்டேடியத்தை வெளியே நின்று பார்த்தேன். முப்பத்திரண்டாயிரம் பேர் கொள்ளும் கண்ணாடிக் கட்டிடம், உள்ளே விட மாட்டோம் என்றார்கள். எட்டாவதாக வந்து விழுந்த அணி எழுந்து எழுந்து விழுந்து, இந்த வருஷம் மறுபடி இரண்டாம் டிவிஷனில் இருக்கிறது. ஏழுக்குள் வந்த டிரெஸ்ட்னர் எஸ்.சி.யோ எங்கோ அடியில். 1943லும் 1944லும் ஜெர்மனியின் சாம்பியனாக இருந்த கிளப் அது. கோடு போட்டவர்கள் நினைத்ததற்கும் நடந்ததற்கும் சம்பந்தமே இல்லை.

ஐயர்ஷெக்கே என்று ஒரு கேக் சாப்பிட்டேன். பேரைக் கேட்டு ஏமாற வேண்டாம், முட்டையும் தயிர்க்கட்டியும் அடுக்கடுக்காக. துண்டு நாலு யூரோ. இந்தப் பயணத்தில் இதுவரை இதற்கு மட்டும் இரண்டாம் தடவை காசு கொடுத்தேன்.

அக்டோபர் 12, ஞாயிறு – அவுவே

மலை ஏற ஏற மூடுபனி. செம்னிட்ஸ் தாண்டியதும் ரயில் ஆற்றையொட்டி வளைந்து வளைந்து போகிறது. அவுவே சின்ன ஊர், மக்கள்தொகையும் ஸ்டேடியம் கொள்ளளவும் ஏறக்குறைய ஒன்றுதான், பதினாறாயிரம் பக்கம். கிளப்பின் சின்னத்தில் குறுக்கு வைத்த இரண்டு சுத்தியல். சுரங்கத் தொழிலாளர் ஊர்.

தோண்டியது யுரேனியம். போருக்குப் பிறகு சோவியத் அணுகுண்டுக்காக இந்த மலைகளைக் குடைந்தார்கள். விஸ்முட் என்ற நிறுவனம், 1990 வரை இரண்டு லட்சம் டன்னுக்கு மேல். கால்பந்து அணியும் விஸ்முட்டின் அணிதான். 1950களில் அதைப் பெரிய நகரமான கார்ல் மார்க்ஸ் ஸ்டாட்டுக்கு மாற்ற உத்தரவு வந்தது, அதாவது இன்றைய செம்னிட்ஸ். தொழிலாளர்கள் விடவில்லை. கடைசியில் பெயரில் மட்டும் நகரம், ஆட்டம் இங்கேயே. அந்தப் பெயரில் 1956, 57, 59இல் சாம்பியன். நான் தங்கிய பக்கத்து ஊர் ஷ்லேமாவில் ஒருகாலத்தில் சுரங்கக் கழிவு மலையாகக் குவிந்து கிடந்ததாம். இப்போது ரேடான் தண்ணீரில் மூட்டுவலிக்குக் குளிக்கிறார்கள். நான் குளிக்கவில்லை.

விடுதி அக்காதான் சொன்னார்: "பெரிய ஸ்டேடியத்தைப் பார்த்தாச்சு இல்லையா, அப்புறம் என்ன? மத்தியானம் மேலே கிராமத்தில் ஆட்டம் இருக்கு, என் தம்பி பையன் ஆடறான்." போனேன். நுழைவு மூன்று யூரோ, மடக்கு மேஜையில் ஒரு தகர டப்பா, பார்ப்பவர்கள் அறுபது எழுபது பேர். மைதானம் ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. லைன்ஸ்மேன் கிடையாது, ரெஃப்ரி ஒருவரே எல்லாம். இடைவேளையில் அவரும் எங்களோடு வரிசையில் நின்று காபி வாங்கினார், ஒன்றரை யூரோ. ஆஃப்சைடு பற்றித் திட்டிய ஆள் அவருக்குச் சர்க்கரை எடுத்துக் கொடுத்தார்.

சரிவின் கீழே ஓடை. பந்து வேலியைத் தாண்டினால் நேராகத் தண்ணீருக்குத்தான். அதற்கென்று பத்து வயசுப் பையன் ஒருவன் நீளக் கழியில் வலை கட்டி வைத்துக்கொண்டு நிற்கிறான். பந்து விழுந்ததும் கரையோடு ஓடி, முந்திப்போய், வளைவில் காத்திருந்து, ஒரே வீச்சில் அள்ளிவிடுகிறான். கோல் கீப்பரைவிட இவனுக்குத்தான் கைதட்டல் அதிகம். நாலாவது முறை தவறவிட்டான். பந்து பாலத்துக்கடியில் போய்விட்டது. ஒரு தாத்தா சைக்கிளை எடுத்துக்கொண்டு அடுத்த கிராமத்துத் திசையில் மிதித்தார். ஆட்டம் இன்னொரு பந்தில் தொடர்ந்தது. அரை மணி நேரம் கழித்துப் பந்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

அக்காவின் தம்பி பையன் அணி 2-5 தோற்றது. பனி இறங்கி, கடைசிப் பத்து நிமிஷம் அந்தப் பக்க கோல் போஸ்ட் தெரியவில்லை. சத்தத்தை வைத்துத்தான் கோல் என்று தெரிந்துகொண்டோம்.

அவுவே 2000இல் ஏழுக்குள் வந்தது, 2003இல் இரண்டாம் டிவிஷனுக்கே போனது. லைப்சிக், டிரெஸ்டன் மாதிரி ஊர்கள் தடுமாறும்போது இந்த ஊர் எப்படித் தாக்குப்பிடித்தது என்று அக்காவிடம் கேட்டேன். "இங்கே வேறு என்ன இருக்கு?" என்றார்.

அக்டோபர் 13, திங்கள் – யேனா

ரயில் விஷயம் எழுதக்கூடாது என்றிருந்தேன். ஆனால் இன்று நடந்தது அப்படி. நடுவில் ஒரு பகுதியில் தண்டவாள வேலை, அதற்குப் பதில் பஸ். பஸ் நிற்கும் இடம் என்று போர்டு காட்டிய இடத்தில் நாங்கள் இருபது பேர் நிற்க, பஸ் ஸ்டேஷனின் பின்வாசலில் வந்து காலியாகப் போய்விட்டது. அடுத்தது ஒரு மணி நேரம் கழித்து. மழை. ஜெர்மன்காரர்கள் சத்தம் போட மாட்டார்கள் என்று யாராவது சொன்னால் அந்த பஸ் ஸ்டாப்புக்கு அனுப்பிவையுங்கள். ஒரு கல்லூரி மாணவி பையிலிருந்து வேகவைத்த முட்டைகளை எடுத்து எல்லோருக்கும் நீட்டினார். உப்பும் ஒரு பொட்டலத்தில் வைத்திருந்தார். எனக்குக் காலைச் சாப்பாடு அதுதான்.

யேனாவில் இறங்கிய ஸ்டேஷனுக்குப் பெயர் பாராடீஸ். ஸாலே ஆற்றங்கரைப் பூங்கா வழியே நடந்தால் ஸ்டேடியம். கார்ல் ஸைஸ் லென்ஸ் கம்பெனியின் ஊர், அணியின் பெயரும் கார்ல் ஸைஸ் யேனா. 2013 வெள்ளத்தில் மைதானம் மூழ்கியது. இப்போது இருப்பது புத்தம்புதுக் கட்டிடம், சிமெண்ட் வாசனை போகவில்லை.

வழியில் கரி அடுப்பில் பிராட்வுர்ஸ்ட். யேனா இருக்கும் துரிங்கியா மாநிலத்துக்காரர்களுக்கு இது உயிர். ஒரு சாண் ரொட்டிக்கு வெளியே இரண்டு பக்கமும் சாசேஜ் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், கடுகு சாஸ் மட்டும்தான். கெட்சப் இருக்கிறதா என்று எனக்கு முன்னால் நின்றவர் கேட்டதற்குக் கடைக்காரர் ஆகாயத்தைப் பார்த்தார். தீ எழும்போதெல்லாம் பாட்டிலிலிருந்து பீர் தெளித்து அடக்குகிறார். மூன்றரை யூரோ. இந்தப் பயணத்தில் தின்ற சாசேஜ்களில் இதற்கு ஈடு இல்லை. பெர்லின் கரிவுர்ஸ்ட் கிட்டவே வர முடியாது.

அவரே யேனா ரசிகர். 1980இல் ஐரோப்பியக் கோப்பை வெற்றியாளர் கோப்பையில் ரோமா அணியிடம் அங்கே 0-3 தோற்று, இங்கே 4-0 திருப்பிக் கொடுத்ததை நேரில் பார்த்தவர். அப்போது வயசு பதினாலு. அந்த ஓட்டம் 1981 மே மாதம் டுசெல்டார்ஃபில் இறுதிப்போட்டி வரை போனது. திபிலிசி அணியிடம் 1-2 தோல்வி. கிழக்கிலிருந்து ஆட்களை எல்லை தாண்ட விடாததால் அங்கே கூட்டமே இல்லை, 4,750 பேர்தான். இவர் வீட்டில் டிவியில் பார்த்தாராம்.

லைப்சிக்கில் கேட்ட ப்ளே-ஆஃப் நியாயத்தை இவரிடம் சொல்லி, சாம்பியன் நேரடியாக மேலே போகத்தானே வேண்டும் என்றேன். ஒத்துக்கொண்டார். ஆனால், "மேலே போய்?" என்றார். "1999இல் என் காரில் எல்லா வெளியூர் ஆட்டத்துக்கும் போனேன். டிரெஸ்டன், லைப்சிக், எர்ஃபுர்ட், அவுவே. எல்லாம் இரண்டு மணி நேரத்துக்குள், பெர்லின் கொஞ்சம் கூட. எதிரணி ரசிகனை எனக்கு முகம் தெரியும், திட்டுவதற்கும் ஒரு உறவு வேண்டுமே. ஏழுக்குள் வந்தோம், சந்தோஷம். பரிசு என்ன தெரியுமா? எங்களைத் தெற்கில் போட்டார்கள். யாரென்றே தெரியாத பவேரிய ஊர்களுக்குச் சனிக்கிழமை தோறும் நானூறு கிலோமீட்டர். ஒரே வருஷத்தில் இறங்கினோம்." எர்ஃபுர்ட்டையும் தெற்கில்தான் போட்டார்கள், யூனியனும் அவுவேயும் வடக்கே போயின. பழைய கிழக்கு அத்தோடு இரண்டாக உடைந்தது என்பது அவர் கட்சி. "இப்போது நான்காம் டிவிஷனில் லோக் இருக்கு, கெமி இருக்கு, பாபெல்ஸ்பெர்க் இருக்கு, எர்ஃபுர்ட் இருக்கு. என்னைக் கேட்டால் இதுதான் எங்கள் பழைய லீக். டிவி காசு இல்லை, அவ்வளவுதான்."

டிவி காசில்லாமல் கிளப் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டேன். திவாலான கிளப்புகளை இந்த வாரம் நிறையவே பார்த்துவிட்டேன். அவர் பதில் சொல்லாமல் சாசேஜ்களைத் திருப்பிப் போட்டார். வரிசை நீண்டிருந்தது.

எர்ஃபுர்ட் மட்டும் பாக்கி. அங்கே யேனாவோடு நடக்கும் ஆட்டத்துக்கே போக வேண்டும் என்று ஆசை. கடைக்காரரிடம் டிக்கெட் கிடைக்குமா என்று கேட்டேன். வெளியூர் ரசிகர்களுக்கான சீட்டு உறுப்பினர்களுக்கே பற்றாதாம், எர்ஃபுர்ட் பக்கம் உட்கார்ந்தால் போலீஸ் சோதனையோடு சேர்த்து ரெண்டு மணி நேரம் முன்னாடியே போகணுமாம். "அந்தப் பக்கம்தான் உட்காரப்போகிறாய் என்றால் இந்தக் கடைக்கு இனி வராதே" என்று சொல்லிவிட்டு, இரண்டாவது பிராட்வுர்ஸ்ட்டுக்கு ஐம்பது சென்ட் குறைத்துக்கொண்டார்.